வீடு மாற்றுகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி முழுக்க ஒத்திப்போட்டவர்கள் எல்லாம் ஆவணியில் ஒரே சமயத்தில் வண்டி தேடுவார்கள். இந்த இதழுக்கு வந்த கேள்விகளிலும் வீடு மாற்றுவது பற்றியவைதான் அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிறோம். இரண்டு படுக்கையறை வீடு, இருபது வருடச் சாமான். ஆவணியில் போயாக வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.
*— வாசகி, மதுரை*

தேதியில் தொடங்குங்கள். முதல் வேலையாக, பால் காய்ச்சும் நாளையும் லாரி போகும் நாளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். முகூர்த்த நாளில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் இவற்றோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டால் சடங்கு முடிந்துவிடும். சாமான் அதற்குப் பிறகு எந்த நாளில் போனாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை, மாதக் கடைசி இந்த மூன்றிலும் கூலியும் வாடகையும் ஏறும். அதைவிட முக்கியம், அன்றைக்கு அதே ஆட்கள் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஓடுவார்கள். அவசரத்தில்தான் பொருள் உடைகிறது. மாத நடுவில் ஒரு சாதாரண வாரநாள் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் இரண்டு வீடும் ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கட்டும். அந்த ஒரு வார வாடகை வீண் செலவு இல்லை. காலி வீட்டில் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் அரை நாளில் முடிக்கிற வேலை, சாமான் இறங்கிய பிறகு இரண்டு நாள் இழுக்கும். பால் காய்ச்சப் போகும்போது ஒரு டேப் கொண்டுபோங்கள். வாசல் நிலையின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்டின் உள்ளளவு, பிரிட்ஜ் நிற்கப்போகும் மூலை, அங்கே பிளக் பாயிண்ட் இருக்கிறதா, வாஷிங் மெஷினுக்குக் குழாய் இருக்கிறதா, தெருவுக்குள் லாரி வருமா: எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கட்டுவதற்கு நான்கு வாரம் தேவை. முதல் வாரம் பரண் மட்டும். பரணிலிருந்து இறங்குவதில் பாதி, திரும்பக் கட்டத் தகுதியில்லாதது. லாரியில் நீங்கள் காசு கொடுப்பது இடத்துக்குத்தான், பொருளின் மதிப்புக்கு இல்லை. அதனால் உடைந்த நாற்காலியும் நல்ல நாற்காலியும் ஒரே செலவுதான் வைக்கும். இரண்டாவது வாரம் புத்தகம், சீர்ப் பாத்திரம், கொலுப் பொம்மை. மூன்றாவது வாரம் அன்றாடம் எடுக்காத துணிமணி, அலங்காரப் பொருட்கள். சமையலறையைக் கடைசி இரண்டு நாளுக்கு முன் தொடாதீர்கள். தொட்டால் தினமும் ஏதோ ஒன்றுக்காகக் கட்டிய பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், ஒரு அறையின் பெயர். இவற்றை மேல்மூடியில் எழுதாமல் இரண்டு பக்கவாட்டிலும் எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பிறகு மேல்மூடி கண்ணுக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள், பெட்டிமேல் வேண்டாம். நகை, பணம், பத்திரங்கள், சான்றிதழ்கள், பீரோ சாவி இவை எந்தப் பெட்டிக்கும் போகக் கூடாது. உங்கள் கைப்பையில், உங்களோடுதான் வர வேண்டும்.

மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன். ஒருவர் மட்டும் மற்றவர்கள் சொன்னதில் பாதிதான் சொல்கிறார். நம்பலாமா? பிறகு எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?
*— வாசகர், திருச்சி*

நேரில் வந்து பார்க்காமல் போனிலேயே சொன்ன விலை என்றால் நம்பாதீர்கள். இதில் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குறைந்த விலை சொல்லி முன்பணம் வாங்குவார்கள். சாமான் முழுவதும் வண்டியில் ஏறிய பிறகு, 'பொருள் அதிகமாக இருக்கிறது, ஜி.எஸ்.டி. தனி, சுங்கம் தனி, ஈ-வே பில் தனி' என்று ஆரம்பிப்பார்கள். கொடுக்காவிட்டால் சாமானை இறக்க மாட்டார்கள். உங்கள் வீடே அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச வழியில்லை. ஆகவே பேச வேண்டியதை எல்லாம் முதல் பெட்டி ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

ஈ-வே பில் என்பது சரக்கைக் கொண்டுபோக ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எடுக்கும் சீட்டு. அதைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சொந்த உபயோகத்தில் இருந்த பழைய வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. விதிகளின்படி ஈ-வே பில் தேவையில்லை. அந்தப் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

விலைப்பட்டியல் எழுத்தில் வர வேண்டும். கட்டும் பொருள், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கட்டில் பிரித்துப் பூட்டுவது, சுங்கம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்த தொகையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டு பக்கமும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, லாரி நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இறக்கும் இடத்தில் வரும் தகராறு பெரும்பாலும் இந்த மூன்றில்தான். முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதியில் ஒரு பகுதியை ஏற்றிய பிறகும், கடைசிப் பகுதியை இறக்கிச் சரிபார்த்த பிறகும் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வண்டி. உள்ளூருக்குள், ஒரு படுக்கையறைச் சாமானுக்குக் குட்டியானை போதும். அது தாங்குவது சுமார் முக்கால் டன், தளம் ஏழடி நீளம். பீரோவும் கட்டிலும் ஏறினாலே பாதி இடம் போய்விடும், இரண்டு நடை ஆகலாம். இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பதினான்கு அடி லாரி கேளுங்கள். வெளியூர் என்றால் 'தனி வண்டியா, பார்ட் லோடா' என்று அவசியம் கேட்க வேண்டும். பார்ட் லோடு, அதாவது பிறர் சாமானோடு சேர்த்து ஏற்றுவது, மலிவுதான். ஆனால் உங்கள் சாமான் நடுவில் ஒரு குடோனில் இறங்கி இன்னொரு வண்டியில் ஏறும். வந்து சேரும் நாளுக்கும் உத்தரவாதம் இல்லை, உடைவதற்கான வாய்ப்பும் இரட்டிப்பு. கண்ணாடியும் பிரிட்ஜும் இருக்கும் குடும்பத்துக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

இன்சூரன்ஸ் என்று ஒரு சதவீதம் சேர்த்திருப்பார்கள். அது காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியா, அல்லது வண்டிக்காரரே வைத்துக்கொள்ளும் தொகையா? உங்கள் பெயரும் பொருட்களின் மதிப்பும் உள்ள பாலிசித் தாள் கைக்கு வந்தால்தான் அது இன்சூரன்ஸ். வண்டி கிளம்புமுன் சாமான் பட்டியலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். டிவி, பிரிட்ஜ் போன்றவை ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். 'ஏற்கெனவே ரிப்பேர்' என்ற பேச்சுக்கு அதுதான் பதில்.

போன முறை வீடு மாற்றியபோது பிரிட்ஜ் கூலிங் போனது, வாஷிங் மெஷின் குதிக்க ஆரம்பித்தது. இந்த முறை என்ன செய்ய வேண்டும்?
*— வாசகி, சேலம்*

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பிரிட்ஜின் அடியில் உள்ள கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்கவைத்தால் அந்த எண்ணெய் மெல்லிய கேஸ் குழாய்களுக்குள் ஓடிவிடும். இறக்கியவுடன் பிளக்கைச் செருகினால், எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர் ஓடித் தேயும், குழாயில் நின்ற எண்ணெய் கேஸின் வழியை அடைக்கும். கூலிங் போவது இப்படித்தான். எனவே நிறுத்திவைத்தே கொண்டுபோகச் சொல்லுங்கள். நிறுத்தியே வந்திருந்தாலும் மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் போடுங்கள். வழியில் படுக்கவைத்திருந்தால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்த பிறகுதான் போட வேண்டும். லிஃப்டில் சாய்க்காமல் முடியாது என்ற நிலை வந்தால், கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் குழாய் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சாயுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையிலேயே நிறுத்தி, பனி முழுவதும் உருகவிட்டுத் துடையுங்கள். பனி கரையாத ஃபிரீசர் வழியெல்லாம் தண்ணீர் விடும், பக்கத்தில் இருக்கும் மெத்தை நனையும். பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். அதையும் காலி செய்யுங்கள். கண்ணாடித் தட்டுகளை உருவி, துணி சுற்றித் தனியே கட்டுங்கள். கதவைக் கயிற்றால் கட்டுங்கள், செலோடேப் ஒட்டினால் பெயின்ட் உரியும்.

உங்கள் வாஷிங் மெஷின் முன்பக்கம் கதவுள்ள வகை என்றால், அதன் டிரம் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கியபோது அந்த டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் நீண்ட போல்ட்கள் பூட்டியிருந்திருப்பார்கள், பெரும்பாலும் நான்கு. மாட்ட வந்தவர் அவற்றைக் கழற்றி உங்களிடம் கொடுத்திருப்பார். வீடு மாறும்போது அவற்றைத் திரும்பப் பூட்ட வேண்டும். பூட்டாமல் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரம் உடம்பில் மோதி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கெடும். அதற்குப் பிறகுதான் மெஷின் குதிக்கும். போல்ட் தொலைந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிச் சர்வீஸ் சென்டரில் வாங்கலாம். புது வீட்டில் மறக்காமல் கழற்றுங்கள், போல்ட்டோடு ஓட்டினாலும் மெஷின் பயங்கரமாக அதிரும். கீழே மூலையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, தட்டையான தட்டு ஒன்றை வைத்துத் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். கால்களைத் திருகி மட்டம் சரிசெய்வது கடைசி வேலை. நான்கு காலும் தரையில் அழுந்தியிருக்கிறதா என்று மூலைகளை அழுத்திப் பாருங்கள்.

ஏ.சி.யைக் கழற்றி மாட்டினால் கேஸ் புதிதாக நிரப்பித்தான் ஆக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
*— வாசகர், ஈரோடு*

முறையாகக் கழற்றினால் தேவையில்லை. இருக்கும் கேஸை வெளி யூனிட்டுக்குள்ளேயே அடைத்துவிட முடியும். இதை 'பம்ப் டவுன்' என்பார்கள். கூலிங்கில் 16 டிகிரி வைத்து ஓடவிட்டு, வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வை முதலில் மூட வேண்டும். கேஸ் உள்ளே இழுக்கப்பட்டதும், ஒரு நிமிடத்துக்குள்ளாகவே ஆகிவிடும், தடித்த குழாய் வால்வை மூடி உடனே ஏ.சி.யை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போதே குழாயைத் தளர்த்தினால் காற்று உள்ளே போய் வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆகையால் தெரிந்த டெக்னீஷியனைக் கொண்டே செய்யுங்கள். அவர் வந்ததும் 'பம்ப் டவுன் செய்துதானே கழற்றுவீர்கள்?' என்று கேளுங்கள். நேரடியாக நட்டைத் தளர்த்திக் கேஸை வெளியே விடுகிறவர், புது வீட்டில் கேஸுக்கும் பில் போடுவார்.

கழற்றிய குழாய் முனைகளை மூடி ஒட்டச் சொல்லுங்கள், ஈரமும் தூசும் உள்ளே போகக் கூடாது. செம்புக் குழாயைச் சைக்கிள் சக்கர அளவுக்குப் பெரிய வட்டமாகச் சுருட்ட வேண்டும். மடங்கினால் அந்த இடம் நசுங்கி உடையும். மாட்டும்போது முனைகளை வெட்டிப் புதிதாக விரிக்க வேண்டும், வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். பம்ப் கொண்டுவராதவரை அனுப்பிவிடுங்கள். சுவரில் அடித்த ஸ்டாண்டு, ரிமோட், ஸ்டெபிலைசர் மூன்றும் பலரும் மறந்து பழைய வீட்டிலேயே விட்டுவரும் பொருட்கள், கணக்கில் வையுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியை லாரியில் அனுப்பலாமா?
*— வாசகர், வேலூர்*

அனுப்பலாம், நிமிர்த்தி மட்டுமே. உள்ளே ஆசிட். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதால் இரண்டு பேர் தூக்க வேண்டும். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, கறுப்பு ஒயரை முதலில் கழற்றி, பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில். முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி, துணிமணி, மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத மூலையில் வையுங்கள்.

கொலுப் பொம்மைகள் ஐந்து படிக்கு இருக்கின்றன. பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றும் உண்டு. லோடுமேன்கள் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
*— வாசகி, கும்பகோணம்*

பயப்பட வேண்டிய பொருட்கள்தான். நீங்களே கட்டுங்கள், வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

விளாச்சேரி, பண்ருட்டி மண் பொம்மைகளில் உடைவது கழுத்து, கை, கையில் பிடித்திருக்கும் வில், புல்லாங்குழல், குடை. முதலில் பழைய வேட்டியோ பருத்திப் புடவையோ கிழித்து, கழுத்துக்கும் கைக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள இடைவெளிகளை நிரப்புங்கள். பிறகு முழுப் பொம்மையையும் துணியால் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள். பெயின்ட்மேல் நேராகச் செய்தித்தாள் பட்டால் மை ஒட்டும். பபிள் ராப் நேராகச் சுற்றினாலும் லாரியின் சூட்டில் பெயின்டோடு ஒட்டிக்கொண்டு உரியும். துணிக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் பபிள் ராப் சுற்றலாம். பெட்டியில் பொம்மையை நிறுத்தியே வையுங்கள். அடியில் கசக்கிய தாள் நான்கு விரற்கடை, பக்கங்களிலும் அப்படியே. கனமான பெரிய பொம்மைக்குத் தனிப் பெட்டி. காகிதக் கூழ் பொம்மைகள் விழுந்தால் அவ்வளவாக உடையாது, ஆனால் ஈரம் ஆகாது. அந்தப் பெட்டிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. தலையாட்டிப் பொம்மையைப் பாகம் பாகமாகக் கழற்றிச் சுற்றுங்கள். செட்டுகளைப் பிரிக்க வேண்டாம். தசாவதாரம் ஒரு பெட்டி, கல்யாண ஊர்வலம் ஒரு பெட்டி என்று கட்டினால் நவராத்திரியில் தேட வேண்டியிருக்காது.

தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாளுக்கு அடியில் இருப்பது சுண்ணப் பூச்சால் எழுப்பிய மேடு. அதிர்வில் அது விரிசல் விடும், ஈரத்தில் உப்பும். முன்கண்ணாடியில் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தாலும் துண்டு ஓவியத்தைக் கிழிக்காது. பருத்தித் துணி, அதன்மேல் அட்டை, நான்கு மூலைக்கும் தெர்மோகோல். எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்து மேலே எதையாவது வைத்தால் கண்ணாடி உள்வாங்கும். காரில் போகிறீர்கள் என்றால் பின்சீட்டில் கூடவே கொண்டுபோங்கள்.

புத்தகங்கள் நிறைய. பெரிய பெட்டிகளாக வாங்கட்டுமா?
*— வாசகர், புதுச்சேரி*

வேண்டவே வேண்டாம். புத்தகத்துக்கு ஓரடி கன அளவுள்ள சின்னப் பெட்டிதான். பதினைந்து கிலோவைத் தாண்டினால் அடி பிரியும். அடியில் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று ஒட்டுங்கள். பெரிய பெட்டிகள் தலையணை, போர்வை, பிளாஸ்டிக் டப்பா போன்ற எடையில்லாத சாமான்களுக்கு. சாப்பாட்டுத் தட்டு, பீங்கான் இவற்றைப் படுக்கவைக்காமல், அலமாரியில் புத்தகம் போலச் செங்குத்தாக அடுக்கினால் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும்.

சமையல் கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது? லாரியிலேயே சிலிண்டரை ஏற்றிவிடலாமா?
*— வாசகி, திருநெல்வேலி*

லாரியில் ஏற்றவே கூடாது. ஒரே ஊருக்குள் மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பித் தர வேண்டியதில்லை. பழைய ஏஜென்சியில் மாற்றக் கடிதம் பெற்று, புது ஏஜென்சியில் பதிந்தால் போதும். வெளியூர் என்றால் இரண்டையும் ஒப்படைக்க வேண்டும். இணைப்பு வாங்கியபோது கொடுத்த சந்தா வவுச்சரைக் காட்டினால், அதில் எழுதியுள்ள டெபாசிட்டைத் திருப்பித் தந்து மாற்று வவுச்சர் கொடுப்பார்கள். புது ஊரில் அதைக் காட்டி, இன்றைய டெபாசிட்டைக் கட்டினால் இணைப்பு தொடரும். பழைய டெபாசிட்டுக்கும் இன்றையதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் வைத்திருங்கள். வவுச்சர் தொலைந்திருந்தால் உறுதிமொழி எழுதித் தர வேண்டிவரும், அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் இந்த வேலையை இரண்டு வாரத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். ரப்பர் குழாய்க்கு ஐந்து வருடம்தான் ஆயுள். புது வீட்டில் புதுக் குழாய் போடுங்கள்.

காலி செய்யும்போது 'பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன்' என்கிறார் வீட்டுக்காரர். அட்வான்ஸ் எப்போது தர வேண்டும் என்று சட்டம் ஏதும் உண்டா?
*— வாசகர், சென்னை*

உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் இவற்றை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. உடைந்த ஜன்னல் கண்ணாடி, பூட்டு, குழாய் வாஷர் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெயின்ட் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், சட்டம் சொல்வதை அமைதியாக எடுத்துச் சொல்லலாம். ஒத்துவரவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

சாவி கொடுக்கும் நாளில், காலி வீட்டில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். வீடியோ எடுங்கள். மின் மீட்டரையும் படம் எடுங்கள். கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் காலி செய்தால் உங்கள் யூனிட்டும் அடுத்து வருகிறவர் யூனிட்டும் ஒரே பில்லில் சேரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென ஏறும். மீட்டர் எண் தேதியோடு உங்களிடம் இருந்தால், உங்கள் பங்கை மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கலாம்.

போய் இறங்கிய முதல் இரவுக்கு எதைக் கையோடு வைத்துக்கொள்வது?
*— வாசகி, தூத்துக்குடி*

கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும், அதனால் ஒரே ஒரு பெட்டியைக் கடைசியாக ஏற்றுங்கள். பால் காய்ச்ச ஒரு பாத்திரம், இன்டக்‌ஷன் அடுப்பு, காபித்தூள், சர்க்கரை, நான்கு தட்டு, டம்ளர், தண்ணீர் கேன். இரண்டு எல்.இ.டி. பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டார்ச், ஸ்குரூ டிரைவர், கத்தரி, பூட்டு ஒன்று. சோப்பு, பக்கெட், மக், துடைப்பம், கொசுவர்த்தி. எல்லோருக்கும் ஒரு மாற்றுத் துணி, போர்வை, பெரியவர்களின் மாத்திரை ஒரு வாரத்துக்கு. கட்டிலைப் பிரித்த நட்டும் போல்ட்டும் கட்டில் சட்டத்திலேயே ஒரு பையில் கட்டித் தொங்கட்டும், ஸ்பேனர் மட்டும் இந்தப் பெட்டிக்கு. முதலில் கட்டிலைப் பூட்டி, மெத்தையைப் போட்டுவிடுங்கள். மற்ற பெட்டிகளை மறுநாள் பிரித்துக்கொள்ளலாம்.